பொழுதுபோக்குக்காகத் திருட்டு போட்டோஷாப் பயன்படுத்துவது தவறா?

வருமானம் இல்லாத பொழுதுபோக்குக்கு மாதச் சந்தா கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தா சுமைதான்; ஆனால் அதற்காகத் திருட்டுப் பிரதியை நாட வேண்டியதில்லை. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு மென்பொருளைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்துவது குற்றமாகும். ஆதாயத்திற்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறைத் தண்டனையைத் தவிர்க்கலாமே தவிர, 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது, திருட்டுப் பிரதியின் உரிமப் பூட்டை உடைக்கும் 'கிராக்' கோப்பை இயக்குவதற்காக ஆன்டிவைரஸை நிறுத்தி வைக்கச் சொல்லும், அதனுடன் வரும் குறிப்புதான். வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் இருக்கும் கணினியில், யார் எழுதினார் என்றே தெரியாத நிரலுக்கு முழு அனுமதி கொடுத்துவிடுகிறோம்.

கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் 'ரா' கோப்புகளைத் திருத்த டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் போதும். நீங்கள் செய்யும் திருத்தங்களை அது எக்ஸ்எம்பி என்ற தனிக் கோப்பில் எழுதிக்கொள்வதால், மூலப் படம் அப்படியே இருக்கும். 2025-இல் வெளிவந்த கிம்ப் 3.0 என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில், ஒரு படலத்தின் (லேயர்) மீது இட்ட ஃபில்டரைப் பின்னர் மாற்றவோ நீக்கவோ முடிகிறது. முன்பு இதற்காகவே பலர் போட்டோஷாப்பை விடத் தயங்கினார்கள். ஓவியம் வரையக் கிருத்தா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அச்சகத்திற்கான சிஎம்ஒய்கே (நான்கு அச்சு மைகளின் நிற முறை) வேலையில் மட்டும் கிம்ப் இன்னும் பின்தங்கியே உள்ளது. அது அன்றாடம் தேவைப்பட்டால் சந்தா கட்டுவதே முறை.