மார்கரெட் ரிவர்: எத்தனை பாட்டில் வாங்கலாம்?

கேள்வி: நானும் மனைவியும் பெர்த்தில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். சென்னை திரும்புமுன் மூன்று நாள், ஒயின் தோட்டங்களுக்குப் பேர்போன மார்கரெட் ரிவர் வட்டாரத்துக்குப் போகிறோம். அங்கே ஒயின் வாங்கினால் விமான நிலையத்தில் வரியைத் திருப்பித் தருவார்களாமே? ஒரு பெட்டியாகவே வாங்கிவிடலாமா?

பதில்: திருப்பித் தருவது உண்மை. பெட்டி வேண்டாம்.

ஆஸ்திரேலியாவை விட்டுக் கிளம்புபவர் ஜிஎஸ்டியையும், ஒயினுக்கென்றே இருக்கும் தனி வரிக்காக விலையில் 14.5 சதவீதத்தையும் திரும்பப் பெறலாம். ஒரே ஏபிஎன் (ஆஸ்திரேலிய வணிகப் பதிவு எண்) உள்ள வியாபாரியிடம் குறைந்தது 300 டாலருக்கு, கிளம்புவதற்கு முந்தைய 60 நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும். பில் 330 டாலர் என்றால் ஜிஎஸ்டி 30, ஒயின் வரி 47.85, ஆக 77.85 டாலர் கைக்கு வரும். நல்ல தொகைதான்.

இடிப்பது இந்தியப் பக்கத்தில். சுங்க வரியில்லாமல் தலைக்கு 2 லிட்டர்தான் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு. மூன்றாவதை வைத்தால் 2.25 லிட்டர் ஆகிவிடும். இரண்டே பாட்டிலில் 300 டாலரைத் தொட, ஒன்று 150 டாலராக இருக்க வேண்டும். மனைவியின் பங்கையும் உங்கள் பில்லில் சேர்க்கலாமே என்றால், முடியாது. பணம் கொடுத்தவரேதான் பொருளையும் எடுத்துப்போக வேண்டும். அந்த விலைக்கு வாங்கும் ஆள் இல்லையென்றால் வரியை மறந்துவிட்டு, பிடித்ததை வாங்குங்கள். மிச்சத்தை மகள் வீட்டிலேயே குடித்துத் தீர்க்கலாம். அப்படிக் குடித்ததற்கு வரி திரும்பாது.

வரி கேட்பதாக இருந்தால், சூட்கேஸை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே, விமான நிலையத்தில் சுங்கத்தைக் கவனிக்கும் எல்லைப் படை அலுவலகத்தில் பாட்டிலையும் பில்லையும் காட்டிவிடுங்கள். சர்வதேச விமானத்தில் ஒயின் கைப்பையில் போகாது. செக்-இன் ஆன பிறகு காட்ட உங்களிடம் பொருள் இருக்காது. பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

அப்புறம், லேபிள். 'மார்கரெட் ரிவர்' என்று போட, திராட்சையில் குறைந்தது 85 சதவீதம் அந்த வட்டாரத்தில் விளைந்திருக்க வேண்டும். 'வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா' என்று மட்டும் இருந்தால் திராட்சை மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் வந்திருக்கலாம். மட்டமான சரக்கு என்று அர்த்தமில்லை. ஆனால் ஊர்ப்பெயருக்காக நீங்கள் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை காபர்நே சாவிஞோன் என்ற சிவப்பு ஒயினும் ஷார்டனே என்ற வெள்ளை ஒயினும்.

கேள்வி: காரை நாங்களே ஓட்டலாமா, டூர் வேனில் போகலாமா?

பதில்: பெர்த்திலிருந்து சுமார் 270 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். நீங்களே ஓட்டிப் போங்கள். ருசி பார்க்கும் நாளுக்கு மட்டும் வேனைப் பிடியுங்கள். ஓட்டுநருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.05 சதவீதம், புது உரிமக்காரருக்குப் பூஜ்யம். ஒவ்வோர் இடத்திலும் ஊற்றுவது ஒரு மடக்குதான். ஆனால் ஐந்து வகை, நாலு தோட்டம் என்று போனால் கணக்கு எகிறிவிடும். மேசையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். நம்மவர்களுக்குத்தான் காசு கொடுத்ததைத் துப்ப மனசு வராது! ருசி பார்க்கக் கட்டணம் வாங்குகிறார்களா, பாட்டில் வாங்கினால் அதைக் கழிப்பார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

வாடகை கார் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: தார் போடாத சாலையில் காப்பீடு உண்டா, இருட்டிய பிறகு விலங்கு மோதினால் யார் செலவு? அந்தி நேரத்தில் கங்காரு சாலைக்கு வரும். பல ஒப்பந்தங்கள் கைவிரிப்பது இந்த இரண்டில்தான்.

கேள்வி: கடற்கரைக்கும் டூர் எடுக்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. நேச்சுரலிஸ்ட் முனையிலிருந்து லூவின் முனை வரை தேசியப் பூங்கா நீண்டு கிடக்கிறது. கேவ்ஸ் ரோடு வழியாக நீங்களே போகலாம். கனால் ராக்ஸ், சுகர்லோஃப் ராக் என்ற கடலோரப் பாறைகள் இரண்டையும் பாருங்கள். பாறை ஈரமாக இருந்தால் அங்கே அலை வந்துபோயிருக்கிறது, ஏறாதீர்கள். சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் நிழலுக்கும் உட்காராதீர்கள். 1996இல் இதே கடற்கரையிலுள்ள கிரேஸ்டவுனில் பள்ளிப் பிள்ளைகளின் அலைச்சறுக்குப் போட்டியின்போது அப்படி ஒரு பாறை சரிந்து 9 பேர் இறந்தார்கள்.