வேலைக்கு நடுவிலேயே மனஅழுத்தத்தைத் தணிப்பது எப்படி?

இருக்கையை விட்டு எழாமலே மனஅழுத்தத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் அது வந்திருப்பது முதலில் நமக்குத் தெரிய வேண்டும். மனம் ஒப்புக்கொள்வதற்கு முன்பே உடல் காட்டிக்கொடுத்துவிடும்: பல்லைக் கடித்திருப்போம், தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கும், மூச்சு மேலோட்டமாக ஓடும். உங்களுக்கு எது முதலில் வருகிறது, யாரிடம் பேசிய பிறகு வருகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.

அப்புறம் தளர்த்துவது எளிது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் வகுத்த முறைதான் எனக்குப் பிடித்தது. ஒரு தசையைச் சில நொடி இறுக்கி, பிறகு தளரவிட்டு, அந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கை, தோள், தாடை என்று போகலாம். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விட்டால் இதயத் துடிப்பும் தணியும்.

வேலைச்சுமையே அளவுக்கு மீறியிருந்தால் இதெல்லாம் போதாது. மேலாளரிடம் பேசத்தான் வேண்டும்.