புகை பார்க்கும் மெஷின்: எதை வாங்கலாம்?

கேள்வி: கம்பத்தில் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். 2000-ஐ ஒட்டி வந்த எம்.பி.எஃப்.ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இஞ்ஜெக்டர்) பெட்ரோல் கார்கள்தான் அதிகம் வருகின்றன. குமுளி, வண்டிப்பெரியாறு பக்கமிருந்தும் வரும். சிலர் தனி இ.சி.யூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போட்டு டியூன் செய்து தரச் சொல்கிறார்கள். எக்ஸாஸ்ட் கேஸ் அனலைசர் வாங்கலாம் என்றிருக்கிறேன். கார்பன் மோனாக்சைடு மட்டும் காட்டுவது, நான்கு வாயு, ஐந்து வாயு என்று விலை ஏறிக்கொண்டே போகிறது. எது போதும்?
– வாசகர், கம்பம்

பதில்: கோளாறு கண்டுபிடிப்பது ஒரு வேலை, இ.சி.யூ-வில் மேப், அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணையைத் திருத்துவது வேறு வேலை. முதலாவதற்கு நான்கு வாயு (கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரோகார்பன், ஆக்சிஜன்) அனலைசர் வேண்டும். இரண்டாவதற்கு வைட்பேண்ட் லாம்டா சென்சார் வேண்டும்; அது எக்ஸாஸ்ட் பைப்பிலேயே உட்கார்ந்து காற்று, பெட்ரோல் கலவையை அளக்கும். அனலைசரில் புகை நீளமான ஹோஸ், ஃபில்டர், பம்ப் எல்லாம் தாண்டித்தான் அளவுப் பெட்டிக்குள் போகிறது. அதனால் திரையில் வரும் எண் பல நொடி பழையது. ஐட்லிங்கில் அது பரவாயில்லை. குமுளி ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது கலவை நொடிக்குள் மாறிவிடும். அதை வைட்பேண்ட்தான் பிடிக்கும்.

கார்பன் மோனாக்சைடு மட்டும் காட்டும் மெஷின் கார்புரேட்டர் ஸ்குரூ திருப்பிய காலத்துக்குச் சரி. பெட்ரோல் கூடினால் அளவு ஏறும். குறைந்தால் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு குறைவு என்று சொல்லாது. இஞ்ஜெக்‌ஷன் வண்டிக்கு அதை வாங்காதீர்கள். ஐந்தாவது வாயு நைட்ரஜன் ஆக்சைடு. உங்கள் வேலைக்கு அது அவசியமில்லை, அதை அளக்கும் சென்சார் செல் காலத்தோடு தேய்ந்தும் போகும். பின்னால் சேர்க்க இடமுள்ள நான்கு வாயு மாடலே நல்ல தேர்வு.

வாங்கும்போது முதலில் ஆக்சிஜன் செல்லைப் பாருங்கள். மற்ற மூன்று வாயுக்களையும் அகச்சிவப்புக் கதிரால் அளக்கிறார்கள். ஆக்சிஜனுக்கு இருப்பது ரசாயன செல். பயன்படுத்தாமல் வைத்தாலும் ஓரிரு வருடத்தில் வீக்காகிவிடும். மாற்று செல் இங்கே கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய மெஷின் என்றால் வெறும் காற்றில் ஓட்டிப் பாருங்கள்: 20.9 காட்ட வேண்டும். கேலிப்ரேட் செய்த பிறகும் அந்த எண்ணுக்கு வராவிட்டால் செல் போய்விட்டது. அடுத்தது ப்ரோப் (சைலன்சருக்குள் விடும் குழாய்) முனையை விரலால் இறுக்கி மூடுங்கள். 'லோ ஃப்ளோ' எச்சரிக்கை வரவில்லை என்றால் ஹோஸ் எங்கோ காற்று இழுக்கிறது. அப்படிப்பட்ட மெஷின் நல்ல வண்டியையும் லீன் (பெட்ரோல் குறைவு) என்று பொய் சொல்லும்.

உங்கள் ஊருக்கு இன்னொரு விஷயம். குமுளி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர். அங்கே காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே பிரஷர் சென்சார் இருந்து தானே திருத்திக்கொள்ளும் மாடலாகப் பாருங்கள். இல்லாவிட்டால் கம்பத்தில் செட் செய்த மெஷின் மேலே எல்லா வாயுவையும் குறைத்துக் காட்டும். மழைக்காலத்தில் வாட்டர் டிராப்பை (புகையிலுள்ள தண்ணீரைப் பிடிக்கும் கிண்ணம்) ஒவ்வொரு வண்டிக்கும் பிறகு காலி செய்யுங்கள். அளவுப் பெட்டிக்குள் தண்ணீர் போனால் ரிப்பேர் செலவு கையைக் கடிக்கும்.

புகைச் சான்று கொடுக்கும் சென்டர் நடத்தும் எண்ணம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற மாடல்தான் செல்லும், ஆர்.டி.ஓ அனுமதியும் வேண்டும். தோட்டத்து டீசல் ஜீப்புகளுக்கு இந்த மெஷின் ஆகாது. அதற்கு ஸ்மோக் மீட்டர்.

வைட்பேண்டுக்கு பாஷ் எல்.எஸ்.யூ 4.9 சென்சாரில் ஓடும் கன்ட்ரோலர் வாங்குங்கள். 18 மி.மீ. விட்டம், 1.5 பிட்ச் நட் ஒன்றை கேடலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி) முன்னால் பைப்பில் வெல்டு செய்ய வேண்டும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் எடுத்த அளவு இன்ஜினைப் பற்றிப் பாதிதான் சொல்லும். நட் பைப்பின் மேல்பக்கம், படுக்கைவாட்டிலிருந்து குறைந்தது 10 டிகிரி தூக்கலாக இருக்கட்டும். அடியில் வைத்தால் குளிர்ந்த பைப்பில் சேரும் தண்ணீர் சூடான சென்சாரில் பட்டு செராமிக் வெடிக்கும். ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல் சென்சாரைப் பைப்பில் விட்டு வண்டி ஓட்டினாலும் கரி படிந்து கெடும். சாதாரண சிலிகான் பேஸ்ட்டும் அதற்கு ஆகாது.

மீட்டரை லாம்டாவில் வைத்துப் படியுங்கள், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கில் வேண்டாம். லாம்டா 1 என்றால் கலவை கச்சிதம், அதற்குக் கீழே போனால் பெட்ரோல் கூடுதல். இப்போது பெட்ரோல் பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்குச் சரியான விகிதம் சுமார் 13.5. லாம்டா 1 எந்தப் பெட்ரோலுக்கும் 1-தான். நிதானமான ஓட்டத்தில் 1, முழு மிதியில் 0.86 முதல் 0.88 வரை வைத்துத் தொடங்குங்கள். ஆக்சிஜன் சென்சார் வேலை செய்யும் வண்டியில் ஐட்லிங், நிதான ஓட்டத்தை இ.சி.யூ தானே திருத்திக்கொள்ளும். சென்சார் இல்லாத பழைய இஞ்ஜெக்‌ஷன் வண்டிக்கு அந்த வசதி கிடையாது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு செட் செய்த வண்டி என்றால், இன்று 7, 8 சதவீதம் கூடுதல் பெட்ரோல் கேட்கும்.

கேள்வி: 2001 மாடல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.2, ஹைட்ரோகார்பன் 900 பி.பி.எம்., ஆக்சிஜன் 4 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 11.5 என்று வருகிறது. புகைச் சான்று தர மறுக்கிறார்கள். இன்ஜின் அழுக்கா?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: அழுக்கு இல்லை. ஏதோ ஒரு சிலிண்டர் சில சமயம் பற்றாமல் போகிறது. பெட்ரோல் அதிகமாக இருந்தால் மோனாக்சைடும் சேர்ந்து ஏறியிருக்கும். சைலன்சர் ஓட்டையால் ஆக்சிஜன் மட்டும் ஏறலாம், ஆனால் அப்போது ஹைட்ரோகார்பன் காற்று கலந்து குறையுமே தவிர 900 ஆகாது.

2,500 ஆர்.பி.எம்-இல் பிடித்துப் பாருங்கள். ஹைட்ரோகார்பன் சட்டென்று விழுந்தால் வாக்குவம் லீக்: ஐட்லிங்கில் ஓட்டை வழி வரும் காற்றின் பங்கு பெரியது, வேகத்தில் அது அற்பம். இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், கிராங்க்கேஸ் ஹோஸ், இஞ்ஜெக்டர் ஓ-ரிங் நான்கையும் பாருங்கள். இத்தனை வருடத்தில் ரப்பர் வெடித்திருக்கும். பூஸ்டர் ஹோஸை கிளாம்பால் நசுக்கும்போது எண் இறங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டான். வேகத்திலும் குறையாவிட்டால் பிளக் இடைவெளி, பிளக் வயர், காயில். அதன் பிறகுதான் கம்ப்ரெஷன். பாரத் ஸ்டேஜ் 2, 3 வண்டிகளுக்கு வரம்பு மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம். கலவையை மேலும் மெலிதாக்கினால் எண் இன்னும் ஏறும், அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: பெட்ரோல் காரில் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, வெளியே ஒழுக்கு இல்லை. ஹெட் கேஸ்கெட் என்று மெக்கானிக் சொல்கிறார். பிரிக்காமல் உறுதி செய்ய முடியுமா?
– வாசகர், உடும்பன்சோலை

பதில்: நான்கு வாயு அனலைசர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் முடியும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து, தண்ணீரை நான்கைந்து செ.மீ. குறைத்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்து, ப்ரோப் முனையை ரேடியேட்டர் வாய்க்கு மேல் பிடியுங்கள். தண்ணீரில் பட்டால் மெஷின் போச்சு. ஹைட்ரோகார்பன் மட்டும் கொஞ்சம் காட்டினால் கூலன்ட் ஆவியாக இருக்கலாம். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து ஏறினால் கேஸ்கெட் போயிருக்கிறது அல்லது ஹெட்டில் கீறல். இரண்டும் ஏறாவிட்டால் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள். முதலில் ஹீட்டர் கோர், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.