ஒன்றுபோல் பூக்கும் இரண்டு இனங்களை ஆல்கலாய்டை வைத்துப் பிரித்தறிய முடியுமா?

முடியும். ஆல்கலாய்டு என்பது மார்ஃபின் போல, செடிகள் தாமே உண்டாக்கும் நைட்ரஜன் கொண்ட வேதிப்பொருள். ஆனால் ஆல்கலாய்டை மட்டும் நம்பி இனப்பெயர் எழுதக் கூடாது. இந்த இரண்டுக்குமே நான் சொல்லும் உதாரணம், நம் கசகசாச் செடியின் உறவுக்காரர்களான மூன்று மலைப் பாப்பிகள்.

ஈரான், துருக்கி, காகசஸ் பகுதிகளில் வளரும் பல்லாண்டுச் செடிகள் இவை: பப்பாவர் ஓரியண்டேல், பப்பாவர் பிராக்டியேட்டம், பப்பாவர் சூடோ-ஓரியண்டேல். மூன்றுக்கும் பெரிய பூ, சுணை அடர்ந்த இலை. பிராக்டியேட்டத்தின் இதழ் அடர் சிவப்பு, பூவுக்கு நேர் கீழே இலை போன்ற செதில்களும் இருக்கும். மற்ற இரண்டும் ஆரஞ்சுப் பக்கம் சாயும். உயிரோடு பூத்து நிற்கும்போது சரி. காய்ந்து நிறம் மங்கிய மாதிரியைக் கையில் கொடுத்தால் திணறல்தான்.

செடியில் வடியும் பாலைச் சோதித்தால் விஷயம் தெளிகிறது. ஒவ்வொன்றிலும் மேலோங்கும் ஆல்கலாய்டு வேறு: பிராக்டியேட்டத்தில் தீபெய்ன், ஓரியண்டேலில் ஓரிபவின், சூடோ-ஓரியண்டேலில் ஐசோதீபெய்ன். குரோமோசோம் எண்ணிக்கையும் வேறு வேறு: பிராக்டியேட்டம் 14, ஓரியண்டேல் 28, சூடோ-ஓரியண்டேல் 42. தாவரவியலாளர் பீட்டர் கோல்ட்பிளாட் 1974-இல் இந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார். உருவம், குரோமோசோம், வேதியியல் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுவதால்தான் இங்கே ஆல்கலாய்டின் பேச்சு எடுபடுகிறது.

ஆய்வகத்தில் இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீபெய்னுக்கும் ஐசோதீபெய்னுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. நிறை இரண்டுக்கும் 311. ஆனால் கட்டமைப்பு முற்றிலும் வேறு: முதலாவது மார்ஃபின் வகை, இரண்டாவது அபோர்ஃபின் வகை. வெறும் நிறையைப் பார்த்துப் பெயர் வைத்தால் இரண்டு இனங்களும் ஒன்றாகத் தெரியும். டி.எல்.சி. தட்டில், அதாவது சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் மெல்லிய பூச்சுத் தட்டில், ஆல்கலாய்டைக் காட்டிக்கொடுக்கும் டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்தால் ஆல்கலாய்டு இருக்கும் இடமெல்லாம் ஆரஞ்சுப் புள்ளியாக எழும்பும். எனக்கு இன்றும் அலுக்காத காட்சி அது. ஆனால் நிறம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். புள்ளி எந்த உயரத்தில் நிற்கிறது என்று, பக்கத்திலேயே அந்தந்த ஆல்கலாய்டின் சுத்தமான மாதிரியையும் ஓடவிட்டு ஒப்பிட வேண்டும்.

சிக்கல் இனத்துக்குள்ளும் இருக்கிறது. ஓரியண்டேல் செடிகள் சிலவற்றில் ஓரிபவினோடு தீபெய்னும், வேறு சிலவற்றில் ஐசோதீபெய்னும் சேர்ந்து வரும். இவற்றை வேதிவகைகள் என்கிறோம். ஒரே ஒரு செடியைப் பிழிந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதினால், ஓர் இனத்தையே இரண்டாக உடைத்துவிடுவோம். பருவத்தையும் வயதையும் பொறுத்து அளவு மாறும். வேரில் ஒரு கணக்கு, காயில் ஒரு கணக்கு.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அபினிச் செடியில், அதாவது நம் கசகசாச் செடியில், தீபெய்ன், கோடீன் என்ற மருந்துப்பொருள் வழியாக மார்ஃபினாக மாறுகிறது. பிராக்டியேட்டத்தில் அந்தப் பாதை தீபெய்னோடு நின்றுவிடுகிறது. போதைக்குத் திருப்பக்கூடிய மார்ஃபினைத் தராத செடியின் தீபெய்னிலிருந்து கோடீன் தயாரிக்கலாம் என்பதால் 1970-களில் ஐ.நா.வே இதில் அக்கறை காட்டியது. அந்த வேலைக்குப் பெயர் மாறிய விதை வந்தால் தேடும் தீபெய்ன் கிடைக்காது.

ஆகவே நீங்கள் செய்வதானால், ஓர் இடத்தில் பல செடிகளிலிருந்து, ஒரே பருவத்தில், ஒரே உறுப்பை எடுங்கள். எடுத்த ஒவ்வொரு செடியிலும் பூவோடு ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, எண் போட்டு உலர்தாவரக் காப்பகத்தில் கொடுத்துவிடுங்கள். பழைய ஆய்வுகளில் 'ஓரியண்டேல்' என்ற பெயரில் மூன்றும் கலந்து கிடக்கின்றன. மாதிரி இருந்தால்தான் எந்தச் செடியைச் சோதித்தார்கள் என்று பின்னால் வருபவர் சரிபார்க்க முடியும்.