ஏர் லாக்கர் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறது, ஆனால் பின் டிஃபரன்ஷியல் லாக் ஆகவில்லை. ஒர்க்‌ஷாப்பில் முழு லாக்கரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றாதீர்கள். இப்போதைக்கு ஆக்ஸிலைத் திறக்கவும் விடாதீர்கள். (புதிதாகப் படிப்பவர்களுக்கு: டிஃபரன்ஷியல் என்பது இரண்டு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி. ஏர் லாக்கர் காற்றழுத்தத்தால் அதைப் பூட்டி, இரண்டையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும்.) கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. காற்று எங்கோ கசிகிறது. எங்கே என்று பார்க்காமல் லாக்கரையே மாற்று என்பவர் உங்கள் காசில் பரிசோதனை நடத்துகிறார். எனக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

வண்டியை நீங்கள் பழையதாக வாங்கியிருப்பீர்கள், லாக்கர் முன்பு வைத்திருந்தவர் பொருத்தியது என்று வைத்துக்கொள்கிறேன். புதிதாகப் பொருத்தியதென்றால் பொருத்தியவரிடமே போய் நின்றிருப்பீர்கள்.

முதலில் அந்த விளக்கை நம்புவதை விடுங்கள். பெரும்பாலான ஏர் லாக்கர்களில் சுவிட்சில் இருக்கும் விளக்கு, சுவிட்ச் போட்டிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே பல் பொருந்தியதா என்பது அதற்குத் தெரியாது. லாக் ஆகிறதா என்று தெரிய வேண்டுமென்றால், சமதளத்தில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்ஸிலைத் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். லாக்கர் ஆஃபில் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் எதிர்ச் சக்கரம் மறுபக்கமாகச் சுற்றும். லாக்கரைப் போட்டுவிட்டுச் சுற்றினால், பல் பொருந்தக் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கும், பிறகு இரண்டும் ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் லாக் ஆகவில்லை, அவ்வளவுதான்.

காற்று போகும் வழியைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கம்ப்ரஸரிலிருந்து, மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு, அங்கிருந்து மெல்லிய நைலான் குழாய் ஆக்ஸில் வரை. ஆக்ஸிலின் உறையான ஹவுசிங்கில் ஒரு ஃபிட்டிங், அதற்கு உள்ளே சின்னச் செம்புக் குழாய், அது சீல் ஹவுசிங் என்ற வளையத்தில் போய் முடியும். அந்த வளையம் சுற்றாமல் நிற்கும், அதற்குள்ளே, டிஃபரன்ஷியல் கியர்களைத் தாங்கிச் சுற்றும் கேரியரின் கழுத்து சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் காற்றைப் பிடித்து வைப்பது ஓ-ரிங் என்ற இரண்டு ரப்பர் வளையங்கள். அதைத் தாண்டிப் போன காற்றுதான் பிஸ்டனைத் தள்ளி, பக்கவாட்டு கியரைக் கேரியரோடு பூட்டுகிறது. காற்றை விட்டதும் ஸ்பிரிங் பிஸ்டனைத் திருப்பி அனுப்பும்.

இப்போது வழியைப் பாதி பாதியாகப் பிரித்துப் பாருங்கள். லாக்கரைப் போடாமல் கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். லாக்கருக்கென்று வரும் சாதாரண கம்ப்ரஸர் சுமார் 100 பிஎஸ்ஐ வந்ததும் தானாக நின்று, பிறகு சும்மா இருக்க வேண்டும். நிற்காவிட்டாலோ, நின்று நின்று ஓடினாலோ கசிவு சொலினாய்டிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது, ஆக்ஸிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நின்றுவிட்டு, லாக்கரைப் போட்டதும் ஓயாமல் ஓடினால் கசிவு சொலினாய்டுக்குப் பின்னால். அடுத்து, காற்றை நிறுத்திவிட்டு ஆக்ஸில் முனையில் குழாயைக் கழற்றி, அடைப்பானைப் போட்டு அடைத்துவிட்டு மறுபடி லாக்கர் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஓடினால் பெரும்பாலும் குழாயிலோ அதன் மேல்முனையிலோதான் ஓட்டை. சைலன்ஸர் பைப் பக்கத்தில் உருகியிருக்கிறதா, சேஸிஸில் உரசித் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். குழாயின் வெட்டு முனையையும் பாருங்கள். கட்டிங் பிளேயரால் வெட்டினால் முனை நசுங்கி முட்டை வடிவமாகிவிடும், எத்தனை தடவை அழுத்திச் செருகினாலும் காற்று கசியும். கூரான பிளேடால் நேராக வெட்டி மறுபடி செருகினாலே பல வண்டிகளில் விவகாரம் முடிந்துவிடுகிறது.

அடைத்ததும் கம்ப்ரஸர் நின்றால் கசிவு ஹவுசிங் ஃபிட்டிங்கிலோ உள்ளேயோ. ஃபிட்டிங்கில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். அதில் ஒன்றும் தெரியவில்லையென்றால் ஆக்ஸிலுக்குள் இருக்கும் காற்று வெளியே போய்வரும் பிரீதர் குழாயின் முனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டு, பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது போலப் பாருங்கள். வண்டி ஓடி ஆக்ஸில் சூடாக இருக்கும்போது வேண்டாம், நன்றாக ஆறிய பிறகு. லாக்கரைப் போட்டதும் குமிழ் கிளம்பி, ஆஃப் செய்ததும் அடங்கினால் ஓ-ரிங்கோ, செம்புக் குழாயோ, பிஸ்டன் சீலோ போயிருக்கிறது. அப்போதுதான் ஆக்ஸிலைத் திறக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

(கம்ப்ரஸர் ஒழுங்காக நின்று, லாக் மட்டும் ஆகவில்லை என்பவர்களுக்கு: சொலினாய்டில் ‘டக்’ சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் இணைப்பைக் கழற்றாமல், சுவிட்ச் போட்ட நிலையில் அதன் முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். துருப்பிடித்த எர்த் அடிக்கடி அகப்படும் குற்றவாளி.)

என் கதை இதுதான். என் வண்டியில் லாக்கரைப் போட்டால் லாக் ஆகும், ஆனால் ஆஃப் செய்தால் விட மறுக்கும். மேடேறி இறங்கிச் சமதளம் வந்த பிறகும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டே வரும், திருப்பத்தில் பின் டயர் கத்தும். ஒர்க்‌ஷாப்பில் சொலினாய்டு போய்விட்டது என்று மாற்றினார்கள். கொஞ்ச நாள் சரியாக இருந்துவிட்டு மறுபடி அதே தொல்லை. இன்னொரு சொலினாய்டு. அப்புறம், "சார், லாக்கரே போயிடுச்சு, மாத்திடலாம்" என்றார்கள்.

வண்டியை எடுத்து வந்து பானெட்டைத் திறந்து நானே பார்த்தேன். சொலினாய்டு காற்றை வெளியே விடும் துளையைச் சுற்றிக் கறுப்பாக ஈரம், அதில் தூசி படிந்து களிம்பு மாதிரி அப்பியிருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். கியர் ஆயிலின் கந்தக நெடியை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். சொலினாய்டுக்குள் கியர் ஆயில் கிடையாது. அப்படியென்றால் அது பின் ஆக்ஸிலிலிருந்து அந்த நீளக் குழாய் முழுக்க ஏறி இன்ஜின் அறை வரைக்கும் வந்திருக்கிறது. இரண்டு சொலினாய்டு மாற்றியவர் கண்ணில் இது படவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதைத்தான்.

எண்ணெய் ஏன் ஏறியது என்று தேடியபோது பிரீதர் அகப்பட்டது. ஆக்ஸில் மேலேயே இருந்த அந்தச் சின்ன மூடி, காய்ந்த சேற்றால் கல் மாதிரி அடைத்திருந்தது. ஓடி ஓடி ஆக்ஸில் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரியும். வெளியேற வழியில்லாமல், தேய்ந்த ஓ-ரிங்கைத் தாண்டி எண்ணெயைக் காற்றுக் குழாய்க்குள் தள்ளும். அந்த மெல்லிய குழாயில் கெட்டியான எண்ணெய் நின்றால் லாக்கரின் காற்று திரும்பி வெளியே வர நேரமாகும். அதனால்தான் விட மறுத்தது. லாக்கர் நன்றாகவே இருந்தது.

ஆக்ஸிலைத் திறந்து ஓ-ரிங் மாற்றிய வேலையை டிஃபரன்ஷியல் செட்டிங் தெரிந்த ஒரு மெக்கானிக்தான் செய்தார், நான் பக்கத்தில் நின்றேன். இதைச் சொல்லக் காரணம் உண்டு. பேரிங் மூடிகளில் இடது வலது குறியிடாமல் கழற்றினால், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம் எது எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், ஓ-ரிங் மாற்றப் போய், டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் ஊளையிடும் வண்டியோடு திரும்புவீர்கள். அவர் கழற்றும் முன்பே டயல் கேஜ் வைத்து பேக்லாஷை, அதாவது கியர் பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் குறித்துக்கொண்டார். செம்புக் குழாய் நசுங்காமல் கேரியரை வெளியே எடுப்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. எடுத்து வைத்த ஓ-ரிங்குகள் ரப்பர் என்ற குணமே இல்லாமல் இறுகி, உள்பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன. கேரியர் கழுத்தில் அவர் நகத்தை ஓட்டிப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை. நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் புது ஓ-ரிங்கும் சீக்கிரமே போய்விடும். புது ஓ-ரிங்குகளைக் கியர் ஆயிலில் நனைத்துத்தான் போட்டார். காய்ந்தபடி போட்டால் சீக்கிரமே கெட்டுவிடலாம். பிறகு காற்றுக் குழாயைக் கழுவி ஊதி, பிரீதருக்கு நீளமான குழாய் போட்டு இன்ஜின் அறையில் உயரமாகக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து சுவிட்சை ஆஃப் செய்தால் சொலினாய்டில் ‘புஸ்’ என்று சத்தம் வருகிறது, லாக் உடனே விடுகிறது.

கமெண்டில் யாராவது வந்து, எலக்ட்ரிக் லாக்கர் போட்டிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை என்பார்கள். அதிலும் காயில் போகும், வயர் அறும். ஓட்டத் தெரிந்தவனுக்கு லாக்கரே வேண்டாம் என்பவர்களும் வருவார்கள். இரண்டு சக்கரம் அந்தரத்தில் தொங்கும் இடத்தில் ஓட்டும் திறமை எதைப் பிடித்துக்கொண்டு நகரும்? நான் மெக்கானிக் இல்லை, உண்மைதான். ஆனால் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாமல் விட மனமில்லை. மாற்றிய பழைய பாகத்தை ஏன் நம் கையில் தருவதில்லை? அந்த முதல் சொலினாய்டைக் கேட்டபோது, "அதை எறிஞ்சுட்டோம் சார்" என்றார்கள். அது என் வண்டியின் பாகம், என் சொத்து. கையில் கிடைத்திருந்தால் அன்றே அதற்குள் எண்ணெயைப் பார்த்திருப்பேன். செல்ஃபோன் பழுது, வாஷிங் மெஷின் பழுது, எதிலும் இதே கதைதான். கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். வேலையைக் கொடுக்கும்போதே, பழைய பாகம் எனக்கு வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். நல்ல வேலைக்காரர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. எனக்கு ஓ-ரிங் மாற்றியவர் பழையதைக் கேட்காமலேயே ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தார்.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். முதலில் லாக்கரைப் போடாமல் கம்ப்ரஸரை ஓட்டிப் பார்த்து, அது நிற்கிறதா என்று சொல்லுங்கள். நின்றால் குழாயை அடைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பாட்டிலில் குமிழ் வந்தால் ஹவுசிங்கின் வடிகால் திருகைத் திறக்கும்போது எண்ணெய் என்ன நிறத்தில் வருகிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள், பால் நிறமாக இருந்தால் தண்ணீரும் போயிருக்கிறது என்று அர்த்தம், அப்போது பேரிங்குகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.