விக்கா வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: காட்பாடியில் கல்லூரியில் படிக்கிறேன். இயற்கையை வணங்கும் மேலைநாட்டு நெறியான விக்காவை முறையாகக் கற்க ஆசை. ஒரு வெளிநாட்டு ஆன்லைன் பள்ளி மூன்று மாத வகுப்பு நடத்தி, முடிவில் ‘தலைமைப் பூசாரிணி’ சான்றிதழ் தருமாம். கட்டணம் 97 டாலர். இன்றிரவு 12 மணிக்குள் கட்டினால் பாதி விலை என்கிறார்கள். சேரலாமா?

பதில்: வேண்டாம். கட்டணம் அதிகம் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர்கள் விற்கும் பட்டம் விலைக்குக் கிடைக்கும் பொருளே அல்ல.

இங்கிலாந்தில் சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் ஜெரால்டு கார்ட்னர் எழுதிய நூல் வழியாக விக்கா வெளியுலகுக்குத் தெரிந்தது. அவர் வழிவந்த குழுக்களில் தீட்சை மூன்று படி. முதல் தீட்சைக்கு முன் ஓர் ஆண்டும் ஒரு நாளும் பயில்வது பழைய மரபு. தீட்சை நேரில்தான் நடக்கும், அதுவும் பொதுவாக 18 வயது நிரம்பியவர்களுக்கே. அதற்குக் காசு வாங்குவது அங்கே வழக்கமில்லை. தலைமைப் பூசாரிணி என்பது மேல் படிகளைக் கடந்து ஒரு குழுவை நடத்துகிறவரின் பொறுப்பு. மூன்று மாதத்தில் ஜூம் வழியாக வாங்கிய தாளை அந்தக் குழுக்கள் ஏற்காது. நம் ஊரிலும் அதற்கு மதிப்பில்லை. ‘டிகிரி’, ‘டாக்டரேட்’ என்று அச்சிட்டுக் கொடுத்தாலும், 1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டப்படி பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு.

குழு இல்லாமல் தனியாகப் பயில்வதும் விக்காவில் ஏற்கப்பட்ட வழிதான். ஸ்காட் கன்னிங்ஹாம் 1988இல் தனியாகப் பயில்கிறவர்களுக்கென்றே எழுதிய கையேடு அதைப் பரவலாக்கியது. நீங்கள் காட்பாடியில் இருந்தபடி செய்யக்கூடியது இதுதான். இதற்குச் சான்றிதழே தேவையில்லை. முதலில் அந்தக் கையேட்டை வாங்குங்கள். கூடவே வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன் 1999இல் எழுதிய விக்கா வரலாற்றையும் படியுங்கள். எது பழமை, எது 20ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது என்று அதில் தெளிவாகிவிடும். அதன் பிறகு ‘ஒன்பது மில்லியன் சூனியக்காரிகள் எரிக்கப்பட்டார்கள்’ என்ற மிகைக் கணக்கோடு பாடம் தொடங்கும் வகுப்பை நீங்களே ஒதுக்கிவிடுவீர்கள். இத்தாலியச் சூனியக்காரிகளைப் பற்றி லேலண்ட் 1899இல் வெளியிட்ட ‘அரடியா’ காப்புரிமை முடிந்த நூல். சேக்ரட் டெக்ஸ்ட்ஸ் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். 1971இல் பிரிட்டனில் தொடங்கிய, இயற்கை வழிபாட்டு நெறியினரின் அமைப்பான பேகன் ஃபெடரேஷன், கார்ட்னரின் பூசாரிணியாக இருந்த டோரீன் வேலியன்டேயின் பெயரிலான அறக்கட்டளை இரண்டின் தளங்களிலும் அடிப்படை விளக்கங்கள் உண்டு.

பெயரைப் பார்த்து மயங்கி வேறு பாடத்தில் சேருகிறவர்களும் உண்டு. 2004இல் ஓபரான் ஜெல் தொடங்கிய கிரே ஸ்கூல் ஆஃப் விசார்ட்ரி நடத்துவது விக்கா பாடம் அல்ல. ஓபாட் (OBOD) அமைப்பின் அஞ்சல்வழிப் பாடம் பண்டைய கெல்டிக் பூசாரிகளைப் பின்பற்றும் ட்ரூயிட் நெறியைச் சேர்ந்தது. எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2024இல் தொடங்கிய எம்.ஏ. மந்திரத்தின் வரலாற்றை ஆராய்கிற படிப்பு, சடங்கு சொல்லித் தராது.

இதையெல்லாம் படித்த பிறகும் ஆசிரியர் ஒருவர் வேண்டும் என்று தோன்றினால் வேறொரு வகுப்பில் தாராளமாகச் சேருங்கள். சேரும் முன் பாடத்திட்டம் முழுவதும் வெளியில் தெரிகிறதா பாருங்கள். கற்பிப்பவர் எந்த மரபில், யாரிடம் பயின்றார் என்று எழுதியிருக்க வேண்டும். மாதிரிப் பாடத்திலிருந்து இரண்டு வரியை மேற்கோள் குறிக்குள் இட்டு கூகுளில் தேடுங்கள். இலவச நூலின் அத்தியாயத்தையே வெட்டி ஒட்டி விற்பது இந்தத் துறையில் நிறைய நடக்கிறது. யூடெமி போன்ற தளத்தில் வாங்கினால் பெரும்பாலான பாடங்களுக்கு 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தனிப்பள்ளியில் ‘பணம் திரும்ப வராது’ என்ற ஒரு வரி கீழே எங்காவது பொடி எழுத்தில் இருக்கும்.

நள்ளிரவுக் கெடுவுக்கு வருவோம். நாளைக் காலை அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடினால் அது பொய்க்கெடு. மத்திய அரசு 30.11.2023 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவதும் ஒன்று.

97 டாலர் என்பதும் முழு விலை அல்ல. டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 8,245. வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி கூடுதலாக எடுக்கும் ‘மார்க்கப்’ உங்கள் கார்டுக்கு 3.5 சதவீதம் இருந்தால் அதற்கு 289 ரூபாய், அந்த மார்க்கப் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 52 ரூபாய். ஆக மொத்தம் 8,586.

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். மகள் மெழுகுவர்த்தியும் இங்கிலீஷ் புத்தகமுமாக உட்கார்ந்திருக்கிறாள். இது பில்லி சூனியமா?

பதில்: இல்லை அம்மா. விக்கா பெண் தெய்வத்தையும் கொம்புடைய ஆண் தெய்வத்தையும் வணங்குகிற, நிலவையும் பருவத்தையும் ஒட்டிய வழிபாடு. சாத்தான் என்ற கருத்தே அதில் கிடையாது. யாருக்கும் தீங்கு செய்யாதே என்பது அவர்களின் அடிப்படை விதி. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு பார்க்கத் திரளும் ஊர்க்காரர்களுக்கு, தாய்த்தெய்வத்தைக் கும்பிடுவது விளங்காத விஷயம் அல்ல. நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டுதான்: பணம் எங்கே போகிறது, புகை வெளியேற ஜன்னல் திறந்திருக்கிறதா.

கேள்வி: வாலாஜாபேட்டையில் இருக்கிறேன். விக்கா சொல்லித் தரும் பள்ளியே விற்கும் ‘ஆரம்பக் கிட்’ 4,500 ரூபாய். அதை வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். தேவையானவை வேலூர் கடைத்தெருவிலேயே கிடைக்கும். நான்கு பூதங்களுக்கு நான்கு பொருள்: வடக்கே நிலத்துக்குக் கல்லுப்பு, கிழக்கே காற்றுக்குத் தூபம், தெற்கே நெருப்புக்கு விளக்கு, மேற்கே நீருக்கு ஒரு கிண்ணம். கல்லுப்பு 100 கிராம், அகல் இரண்டு, வீட்டுக் கிண்ணம் ஒன்று, நாட்டு மருந்துக் கடையில் குந்திரிக்கம் 50 கிராம். புத்தகத்தில் ஃபிராங்கின்சென்ஸ் என்று வருவது இந்தக் குந்திரிக்கம்தான். சாம்பிராணி வேறு பிசின். கப் சாம்பிராணியில் கரித்தூளும் வாசனையும் கலந்திருப்பதால் புகை கூடுதலாக வரும்.

குந்திரிக்கம் புகைக்கும் கரித்துண்டை வெறும் கண்ணாடித் தட்டில் வைத்தால் தட்டு விரிசல் விடும். மண் தட்டில் இரண்டு விரல் கனம் மணல் பரப்பி அதன் மேல் வையுங்கள். கதவை அடைத்துக்கொண்டு கரி எரிக்கவே கூடாது. நம் கத்திரி வெயிலில் நீள மெழுகுவர்த்தி நின்ற இடத்திலேயே வளைந்துவிடும். அகல் விளக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. மக்வார்ட் என்று எழுதியிருந்தால் பூக்கடையில் விற்கும் மாசிப்பச்சை அதே இனம். வாசனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கஷாயம் போட்டுக் குடிக்க வேண்டாம், கர்ப்பிணிகள் கட்டாயம் கூடாது. பழைய மேலைநாட்டுக் குறிப்புகளில் ஊமத்தை இனச் செடிகள் வரும். அது சாலையோரம் கிடைக்கிறதே என்று பறித்துவிடாதீர்கள், உயிரை எடுக்கும் விஷம்.

கிட்டில் வரும் ‘படிகம்’ பெரும்பாலும் ஏமாற்றும் பொருள். உள்ளே உருண்டையான காற்றுக் குமிழ் தெரிந்தால் அது கண்ணாடி. உண்மையான படிகம் கண்ணாடியில் கீறல் போடும். எல்லாக் கல்லையும் உப்பு நீரில் ஊறப்போடச் சொல்வார்கள். செலினைட் ஒருவகை ஜிப்சம், தண்ணீரில் மெல்ல அரித்துப் பளபளப்பு போய்விடும். விக்காவில் பயன்படும் கறுப்புப் பிடிக் கத்தி சடங்குக்கு மட்டும்தான், எதையும் வெட்டுவதில்லை. வீட்டுக் கத்தி ஒன்றை அதற்கென்று ஒதுக்கினால் போதும்.

காலண்டரையும் காசுக்கு வாங்காதீர்கள். அமெரிக்க அட்டவணையில் பௌர்ணமி ஒரு நாள் தள்ளி விழலாம். வீட்டுப் பஞ்சாங்கமே நம் நேரத்தைச் சரியாகச் சொல்லும். விக்காவின் எட்டுப் பண்டிகையும் குளிர்நாட்டுப் பருவத்தில் பிறந்தவை. லண்டனில் குளிர்காலப் பகல் சுமார் 8 மணி நேரம், கோடைப் பகல் பதினாறரை. வேலூரில் அந்த வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். பிப்ரவரி முதல் தேதி பனி உருகும் என்ற வரியை இங்கே அப்படியே சொல்வதைவிட, உங்கள் ஏரியில் எப்போது நீர் ஏறுகிறது, வேம்பு எப்போது பூக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துவருவது நல்ல பயிற்சி.

கேள்வி: ஆம்பூர். வாட்ஸ்அப்பில் இலவச வகுப்பு என்று சேர்ந்தேன். என்மேல் சாபம் இருக்கிறது என்று சொல்லி யுபிஐயில் 12,000 வாங்கினார்கள். இப்போது 40,000 கேட்கிறார்கள், தராவிட்டால் குடும்பத்துக்கு ஆபத்தாம்.

பதில்: ஒரு ரூபாய்கூட இனி அனுப்பாதீர்கள். பயப்படவும் வேண்டாம். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றச் சட்டத்தில் 308ஆம் பிரிவு, ஏமாற்றுவது 318ஆம் பிரிவு. இதைப் படித்த உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அவர்கள் கணக்கிலேயே முடக்கப்பட அவ்வளவு வாய்ப்பு. கையில் யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தேதி, நேரம், அவர்களின் யுபிஐ முகவரி இருக்கட்டும். அதன்பின் தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள், வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். கோபத்தில் அவர்களை பிளாக் செய்து உரையாடலை அழித்துவிடுகிறவர்கள் சாட்சியத்தையே அழிக்கிறார்கள். முதலில் ‘எக்ஸ்போர்ட் சாட்’ போட்டு மெயிலுக்கு அனுப்பிவிட்டு, பிறகு பிளாக் செய்யுங்கள். ஆம்பூர் 2019லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். நேரில் போவதானால் அந்த மாவட்ட சைபர் கிரைம் காவல்துறைக்குப் போங்கள், வேலூருக்கு அலைய வேண்டாம்.

கேள்வி: மாதம் 15 டாலர் வகுப்பில் சேர்ந்தேன். பிடிக்கவில்லை, நிறுத்தச் சொல்லி மூன்று மெயில் போட்டும் பணம் எடுக்கிறார்கள். சத்துவாச்சாரி.

பதில்: பள்ளியின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பு வங்கி தகவல் அனுப்ப வேண்டும், அதிலேயே விலகும் வழி இருக்கும். வங்கிச் செயலியில் இ-மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி) பகுதியிலும் ரத்து செய்யலாம். அதோடு கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ‘ஆஃப்’ செய்துவிடுங்கள். மெயில் போட்ட தேதிக்குப் பிறகு எடுத்த தொகைக்கு, அந்த மெயில்களை இணைத்து வங்கியில் ‘சார்ஜ்பேக்’, அதாவது பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி கேளுங்கள். தாமதித்தால் கெடு முடிந்துவிடும். இந்தியப் பள்ளியாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.