எட்டாத இடத்தில் ஒரு துவக்கு

கேள்வி:

நாங்கள் நெடுங்கேணிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவர் கச்சானும் மரவள்ளியும் செய்கிறார். பன்றிக் காவலுக்கென்று தொடங்கிய பழக்கம் இப்போது மூன்று கூட்டாளிகளுடன் இரவில் காட்டுக்குள் வேட்டைக்குப் போவதாக வளர்ந்துவிட்டது. மரையோ மானோ விழுந்தால் எங்கள் வீட்டுக்கும் பங்கு வரும், அயலுக்கும் கொடுப்போம். மூன்று கிழமைக்கு முன்னர் ஒருவர் பற்றைக்குள் இருந்தபோது மற்றவர் பன்றியென்று நினைத்து வெடி வைத்ததில் அவருடைய தோளில் சன்னம் பட்டுவிட்டது. பொலிஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே மருந்து கட்டினார்கள். என்னுடைய கணவர் கவனமானவர். அனுமதிப்பத்திரம் இல்லாத இடியன் துவக்குத்தான், வெடிமருந்து அடைத்தபடியே இருக்கும், ஆனாலும் பிள்ளைகளுக்கு எட்டாதபடி கூரை வளையில் செருகி வைப்பார். வெளிக்கிடும்போது ஒன்பது வயதுச் சின்னவன்தான் கதிரையில் ஏறி அதை எடுத்துக் கொடுப்பான், அதில் அவனுக்கு ஒரு பெருமை. கூட்டாளிகளின் கவனக்குறைவால் இவருக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். சண்டை வராமல் இவரை அந்தக் கூட்டத்திலிருந்து எப்படிப் பிரிப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கூட்டாளிகளைப் பற்றிய கேள்விக்குப் பிறகு வருகிறேன். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் துவக்கு இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே அதைச் சின்னவன் எடுத்துக் கொடுக்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வரிகளையும் எழுதியபோது உங்கள் கை ஒரு கணமாவது நின்றதா? எட்டாத இடம் என்று நீங்கள் சொல்லும் அந்த வளைக்கும் உங்கள் மகனுக்கும் இடையில் இருப்பது ஒரு கதிரையின் உயரம் மட்டுமே, அந்தக் கதிரையை எங்கே போட வேண்டும் என்பதை அவனுக்குப் பழக்கியவர் அவனுடைய தகப்பன்.

அவன் அதை எடுக்கும் விதத்தை ஒருமுறை நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒன்பது வயதுப் பிள்ளை கதிரையில் நுனிக்காலில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, வளைக்கும் தகரத்துக்கும் இடையில் செருகியிருக்கும் கனமான இரும்பைத் தன் பக்கம் இழுக்கிறான். குழாயின் வாய் முதலில் அவனுடைய முகத்துக்கு நேராக வருகிறது. பிறகு அவன் குனிந்து கொடுக்கும்போது, கீழே கையை நீட்டிக்கொண்டு நிற்கும் தகப்பனின் நெஞ்சுக்கு நேராகப் போகிறது. குசினி வாசலில் நீங்கள் நின்றால் உங்களையும் ஒரு தடவை கடந்து போகும். துவக்கின் வாய் எந்த மனிதரையும் பார்க்கக் கூடாது என்பதுதான் வேட்டைக்காரர் படிக்க வேண்டிய முதற்பாடம். உங்கள் வீட்டில் அந்தப் பாடம் ஒவ்வொரு வேட்டை நாளும், வேட்டை தொடங்குவதற்கு முன்னரே, மூன்று பேருடைய உயிரை வைத்து மீறப்படுகிறது.

அதுவும் இடியன். தோட்டாப் போடுகிற சொட்கன் என்றால் நடுவில் மடித்துத் தோட்டாவை வெளியே எடுத்துவிடலாம், வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் பார்த்துக்கொள்ளலாம். இடியனில் மருந்தையும் சன்னத்தையும் வாய் வழியாக இட்டு, தும்பு வைத்து இடித்து இறுக்கிய பிறகு, அதை வெளியே எடுப்பதற்கு இலகுவான வழி கிடையாது என்பதால்தான் நம்மூர் ஆண்கள் அடைத்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்து, அடைத்தபடியே செருகி வைக்கிறார்கள். மருந்தைப் பற்றவைக்கும் கேப்பைக் கழற்றிவிட்டேன், இனிப் பயமில்லை என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். உள்ளே மருந்து இருக்கும்வரை அது நிரப்பிய துவக்குத்தான், கேப்பு எங்கே கிடக்கும் என்பதும் அந்தப் பையனுக்குத் தெரிந்தே இருக்கும். அடைத்திருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து தெரியாததால், மறந்துபோய் இரண்டாம் தடவையும் மருந்து இட்டுக் குழாய் வெடித்து இடது கையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மாரிகாலத்தில் மருந்து ஈரம் பிடித்தால் விசையை இழுத்தவுடன் வெடிக்காமல் சில கணங்கள் கழித்து வெடிக்கும், அந்தச் சில கணங்களுக்குள் என்ன நடந்தது என்று துவக்கைத் திருப்பிப் பார்த்தவரின் கதையை உங்கள் கணவரின் கூட்டாளிகளே சொல்வார்கள்.

என்னுடைய சித்தப்பாவும் வேட்டைக்காரர். மாங்குளத்துக் காட்டுக்குள் அவருக்குத் தெரியாத ஒற்றையடிப்பாதை இருந்ததில்லை. ஆனால் அவர் விடியற்காலை திரும்பி வரும்போது படலைக்கு வெளியிலேயே நின்று, முற்றத்துக்கு முதுகைக் காட்டியபடி துவக்கை மடித்து, இரண்டு சிவப்புத் தோட்டாக்களையும் எடுத்து அம்மம்மாவின் கையில் வைத்த பிறகுதான் உள்ளே வருவார். அம்மம்மா எண்ணிப் பார்த்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வார். துவக்கு பெட்டகத்துக்குள் போகும், பெட்டகத்தின் திறப்பு சித்தப்பாவிடம் இருக்கும், தோட்டா அம்மம்மாவிடம் இருக்கும், இரண்டும் ஒரே ஆளிடம் ஒருநாளும் இருந்ததில்லை. ஒருநாள் ஒரு தோட்டாத்தான் கைக்கு வந்தது. மற்றதைச் சுட்டுவிட்டேன் என்று சித்தப்பா சொன்னார். அப்படியென்றால் வெற்றுக் கோதைக் காட்டு என்று கேட்டு, அவர் காட்டும்வரை அம்மம்மா படலையைத் திறக்கவில்லை. நாங்கள் சிறுபிள்ளைகள் திண்ணையிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தோம். எங்களில் எவருக்கும் அந்தத் துவக்கைத் தொட்டுப் பார்க்கும் துணிவு வந்ததில்லை. அம்மம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். அவரிடம் இருந்த அதிகாரம் உங்களிடமும் இருக்கிறது, நீங்கள் அதைக் கையில் எடுக்கவில்லை என்பதுதான் உங்கள் மீது என்னுடைய குறை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. உங்கள் சின்னவனுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? நிலத்தில் கிடக்கும் தெரியாத இரும்பைத் தொடாதே, சிவப்புப் பலகை வைத்த இடத்துக்குள் போகாதே என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 2009இல் போர் முடிந்த பிறகும் நம்முடைய காணிகளில் கண்ணிவெடி அகற்றுபவர்கள் இன்னும் முழந்தாளில் இருந்து மண்ணைக் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை நெஞ்சோடு அணைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்த தாய்மாரின் ஊர் இது. அந்த ஊரில் மருந்து அடைத்த குழாயொன்றை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, அதில் அவனுக்குப் பெருமை என்று எழுதுவதற்கு உங்களுக்கு மனம் வந்திருக்கிறது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

இனிக் கூட்டாளிகள். உங்கள் கணவர் கவனமானவர், ஆபத்து மற்றவர்களால்தான் வரும் என்று நம்புகிறீர்கள். வெடி வைத்தவரின் மனைவியும் அன்றுவரை அப்படித்தான் நம்பியிருப்பார். மானுக்கும் மரைக்கும் கண்ணின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருக்கிறது, அதனால் ரோச் லைற் பட்டதும் கண் பளிச்சென்று தெரியும். பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. மனிதனுக்கும் இல்லை. எனவே இரவில் பன்றிக்குக் காத்திருப்பவன் பற்றை அசைவதையும் சருகு மொறுமொறுப்பதையும் நம்பியே விசையை இழுக்கிறான், பற்றைக்குள் ஒதுங்கிய மனிதனும் அதே அசைவைத்தான் காட்டுவான். முழு உருவத்தையும் கண்டு, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் அறிந்த பிறகே சுட வேண்டும் என்ற ஒழுங்கை இருட்டில் நான்கு பேர் நான்கு திசையில் நின்றுகொண்டு காப்பாற்ற முடியாது. மதுவும் கூடப் போகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை, உங்களுக்கே தெரியும். வேலியோரம், கம்பியில் கால் பட்டதும் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு வைக்கும் யோசனை எவருக்காவது வந்தால் அதை அன்றைக்கே எதிர்த்து நில்லுங்கள். பாலைப்பழம் பொறுக்கப் போகும் பிள்ளையின் காலையும் பன்றியின் காலையும் அந்தக் கம்பி பிரித்தறியாது.

வரும் இறைச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். பங்கு வந்த இரவில் கழுவிச் சட்டியில் போடுபவர் நீங்கள், அயலுக்குக் கிண்ணத்தில் அனுப்புபவரும் நீங்கள். வேட்டைக்குப் போக வேண்டாம் என்று வாயால் சொல்லிக்கொண்டு அடுப்பை மூட்டினால் கணவர் எதைக் கேட்பார்? அடுத்த பங்கு வரும்போது அதை முற்றத்தைத் தாண்டி உள்ளே எடுக்காதீர்கள்.

சண்டை வராமல் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். சண்டை வரட்டும். பிள்ளையின் உயிருக்காக ஒரு வீட்டில் சண்டை வராவிட்டால் வேறு எதற்காக வர வேண்டும்? இன்று மாலை, பிள்ளைகளை உங்கள் தாய் வீட்டுக்கோ அயல் வீட்டுக்கோ அனுப்பிவிட்டு, இந்தத் துவக்கு இனி இந்தக் கூரைக்குக் கீழ் இருக்காது என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள். அடைத்த மருந்தை நீங்கள் எடுக்க முயலாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். அடைத்தவர்தான் அதற்குப் பொறுப்பு. அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கு என்பதால், ஒரு சட்டத்தரணியிடம் முதலில் போய், அதைப் பாதுகாப்பாகவும் முறையாகவும் ஒப்படைக்கும் வழியைக் கேட்கச் சொல்லுங்கள். பொலிஸார் வீட்டுக்கு வந்து எடுப்பதற்கும் நாமாகப் போய்க் கொடுப்பதற்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைச் சட்டத்தரணி அவருக்கு விளங்கப்படுத்துவார். ஒரே இரவில் பன்றிகள் கச்சான் பாத்தியைக் கிளறி எறிந்துவிட்டுப் போவதைப் பார்த்தவள்தான் நானும், அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். பயிர்க் காவலுக்குத் துவக்கு வேண்டுமென்றால் மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பித்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருக்கட்டும், அப்போதும் தோட்டாவின் கணக்கு உங்களிடம் இருக்கட்டும்.

சின்னவனிடம் தனியாகப் பேசுங்கள். அப்பா இல்லாத நேரத்தில் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாய் என்று, அடிக்காமல், குரலை உயர்த்தாமல் கேளுங்கள். எடுத்தாயா என்று கேட்காதீர்கள், இல்லை என்று சொல்லித் தப்பிவிடுவான்.

தோளில் சன்னம் பட்டவருக்கு மூன்று கிழமை போய்விட்டது. காயம் மேலே மூடியிருந்தாலும் ஈயமும், அதோடு உள்ளே போன சட்டைத் துணியும் தசைக்குள் இருக்கலாம். ஏற்புவலி வராமல் தடுக்கும் ஏற்பூசி போட்டிருக்க மாட்டார்கள். நாளைக் காலை மாங்குளத்துக்கோ வவுனியாவுக்கோ அவரைக் கூட்டிக்கொண்டு போகும்படி அவருடைய மனைவியிடம் சொல்லுங்கள், வைத்தியரிடம் மரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லாமல் சன்னம் பட்டது என்று உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள், அப்போதுதான் படம் பிடித்துத் தேடுவார்கள். காய்ச்சலோ, வாய் திறக்க முடியாத இறுக்கமோ தொடங்கியிருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.